பாயில் விழுந்தவர்களும் தாதியும்

மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் கடல் கடந்து வந்தவர்களின் தொகையைக் கணக்கிட்டார்கள். வழியில் மாண்டவர்களின் தொகையைக் கணக்கிட்டார்கள். கப்பலேறிய தேயிலையை இறாத்தல் இறாத்தலாக நிறுத்து எழுதினார்கள். சாகவும் இல்லை, எழுந்து கொழுந்துக் கூடையை மாட்டவும் இல்லை என்ற நிலையில், லயத்துக் காம்பராவின் ஒரு மூலையில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களுக்கு அந்தக் கணக்கேடுகளில் இடமில்லை. அவர்களைப் பற்றியும், அவர்களைப் புரட்டிப் படுக்கவைத்த கைகளைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன்.

"வாதம் அடிச்சிருச்சு" என்பார்கள் தோட்டத்தில். "ஒரு பக்கம் விழுந்திருச்சு" என்பதும் உண்டு. முனி அறைந்துவிட்டது என்று கோடாங்கியைத் தேடிப்போன காலமும் இருந்தது. அது அடியோடு மறைந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வைத்தியசாலைச் சீட்டில் அதன் பெயர் பாரிசவாதம். பெயர் எதுவாயினும் நிகழ்வது ஒன்றே. மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் அடைபடுகிறது, அல்லது வெடிக்கிறது. குருதி கிடைக்காத மூளைப்பகுதி நிமிடங்களில் சாகத் தொடங்குகிறது. அப்பகுதி ஆண்டுவந்த கையும் காலும் பேச்சும் அதனோடு போகின்றன. நெடுங்காலம் கவனிப்பாரற்று உயர்ந்து நின்ற இரத்த அழுத்தமே பெரும்பாலும் இதன் வேர். நீரிழிவும் புகையிலையும் சாராயமும் அதற்குத் துணை போகின்றன.

இந்த நோய்க்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு விசித்திரமானது. அதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்துவந்த மக்களை வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழிநெடுக விழுங்கின. தோட்டத்தை அடைந்தவர்களின் நிலையும் மேலானதன்று. நோயுற்று உழைக்க முடியாமற் போனவனைத் தோட்டத்தைவிட்டு வெளியேற்றுவதும், அவன் தெருவோரத்தில் விழுந்து மடிவதும் அன்றைய வழக்கங்களில் ஒன்று. வில்லியம் கிரெகரி ஆளுநராக வந்த 1872ஆம் ஆண்டில் தோட்டப் பகுதிகளுக்கான வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்ட மாவட்டங்களுக்கு வைத்தியர்களும் வைத்தியசாலைகளும் வேண்டும் என்றும், அவற்றின் செலவில் துரைமாருக்கும் பங்குண்டு என்றும் அது வகுத்தது. துரைமார் இதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அதற்கு முன்பே, 1869இல், கோப்பி இலையில் துருநோய் கண்டுவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் பயிரிட்ட தேயிலை அடுத்த இருபது ஆண்டுகளில் மலைகளை மூடியது. 1884இல் ரயில் பாதை ஹற்றனை எட்டியது. 1912இல் வைத்தியத் தேவைகள் பற்றிய சட்டம் புதுப்பிக்கப்பட்டது; தொழிலாளரின் நோய்கள் பற்றிய இன்னொரு சட்டமும் அதே ஆண்டில் வந்தது.

இச்சட்டங்களும் இவற்றை ஒட்டி எழுந்த ஏற்பாடுகளும் எந்த நோய்களைக் கண்டு அஞ்சின என்று பாருங்கள். வாந்திபேதிக்கு அஞ்சின, அதற்காக மண்டபத்தில் முகாம் அமைத்து, மனிதரை அடைத்துவைத்துச் சோதித்து அனுப்பினார்கள். கொக்கிப்புழுவுக்கு அஞ்சின, அது குருதியை உறிஞ்சி உழைப்பைக் குறைத்தது. 1916இல் அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவோடு தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. அந்த வேலையால் நன்மை விளையவில்லை என்று நான் சொல்லவில்லை. கழிப்பறைகள் வந்தன, சோகை குறைந்தது. ஆனால் தொற்றும் நோய் துரையின் பங்களா வரைக்கும் வரும். சோகை கொழுந்தின் நிறையைக் குறைக்கும். பாரிசவாதம் எவருக்கும் தொற்றாது. அது விழுத்துவதும் பெரும்பாலும் வயது சென்றவரை. முப்பது நாற்பது ஆண்டுகள் மலையேறி இறங்கிய உடம்பு, ஏற்கெனவே தோட்டத்துக்குத் தரவேண்டியதைத் தந்து முடித்த உடம்பு அது.

ஆகவேதான் தோட்டத்து வைத்திய அமைப்பில் இருவர் உருவானார்கள், மூன்றாமவர் உருவாகவில்லை. முதலாமவர் டிஸ்பென்சர். மருந்து கலக்குவது, காயம் கட்டுவது, நோய் என்று வந்தவன் உண்மையில் நோயாளியா அல்லது வேலைக்குக் கள்ளம் செய்கிறவனா என்று துரைக்குச் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. பிற்காலத்தில் அவர் தோட்ட வைத்திய உதவியாளர் ஆனார். இரண்டாமவர் மருத்துவிச்சி. பிள்ளை பிறக்க வேண்டும், பிறந்த பிள்ளை பிழைக்க வேண்டும். பிள்ளைமடுவத்தில் வளர்ந்து அது நாளைய தொழிலாளி ஆகவேண்டும். ஆகவே பிரசவ அறைக்குக் கட்டிலும் மருத்துவிச்சிக்குச் சம்பளமும் கிடைத்தன. மூன்றாமவர் தாதி. சில பெரிய ஆஸ்பத்திரிகளை விட்டால், பயிற்சி பெற்ற தாதி என்ற ஒருவர் தோட்டத்தின் சம்பளப் பட்டியலில் இடம்பெறவில்லை. பிறப்புக்கும் மருந்துப் போத்தலுக்கும் ஆள் இருந்தது. நீண்டு கிடப்பதற்கு ஆள் இல்லை.

தாதியின் பணி என்ன என்று இங்கே கேட்க வேண்டும். வைத்தியர் எழுதியதைக் கொடுப்பது, ஊசி போடுவது என்று எண்ணுபவர்கள் படித்தவர்களிலும் உண்டு. 1859இல் தாதிமையைப் பற்றிச் சிறுநூல் எழுதிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், படுக்கைப்புண் வந்தால் குற்றம் நோயின் மேல் அன்று, பெரும்பாலும் தாதிமையின் மேல் என்ற கருத்தை அன்றே முன்வைத்தார். அது எவ்வளவு ஆழமான கருத்து என்பதை உணர உலகத்துக்கு மேலும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து சென்ற யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மண்டவில் என்ற இடத்தில் முதுகுத்தண்டு முறிந்த போர்வீரர்களுக்கான நிலையத்தைத் தொடங்கினார். அதுவரை அப்படிப்பட்டவர்கள் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில மாதங்களில் இறப்பார்கள் என்பதே விதியாகக் கருதப்பட்டது. குட்மன் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும் பகலிலும், நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கச் செய்தார். விதி மாறியது. அதை மாற்றியது புதிய மருந்து மட்டுமன்று. நேரம் தவறாத கைகள்.

பாரிசவாதத்தில் இந்தக் கைகளுக்கு வேலை இன்னும் நுட்பமானது. விழுந்தவருக்கு விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கக்கூடும். நம் வீடுகளில் ஒருவர் விழுந்தால் முதலில் செய்வது என்ன? வாயில் தண்ணீர் ஊற்றுவது. சற்றுத் தெளிந்தால் தேத்தண்ணி, பிறகு கஞ்சி. அந்தக் கஞ்சி உணவுக்குழாய்க்குள் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போய் நெஞ்சில் சளிக்காய்ச்சலாகி, வாதம் கொல்லாதவரை அது கொன்றுவிடுகிறது. அன்பினால் நிகழும் மரணம் இது. விழுங்க முடிகிறதா என்று முறைப்படி சோதித்துப் பார்க்காமல் ஒரு மிடறும் கொடுக்கக்கூடாது என்பது தாதிமையின் பாலபாடம். 2011இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பத்தொன்பது பாரிசவாதப் பிரிவுகளில் நடந்த ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. தாதியரைக் கொண்டு மூன்றே விடயங்களைக் கண்டிப்பாகக் கவனிக்கச் செய்தார்கள்: காய்ச்சல், இரத்தத்தில் சர்க்கரை, விழுங்கும் ஆற்றல். இக்கவனிப்பு இல்லாத பிரிவுகளில் மூன்று மாத முடிவில் நூற்றுக்கு 58 பேர் இறந்தோ பிறர் கையை நம்பியோ இருந்தார்கள். கவனிப்புக் கிடைத்த பிரிவுகளில் 42 பேர். விலையுயர்ந்த மருந்து எதுவும் இங்கே சேரவில்லை. ஒரு வெப்பமானி, ஒரு சொட்டு இரத்தம், ஒரு கரண்டி தண்ணீர், அவற்றின் பொருள் அறிந்த ஒரு மனிதர்.

இதைப் படித்த நாளில் என் அப்பாயியை நினைத்துக்கொண்டேன்.

2002ஆம் ஆண்டு. நான் அப்பொழுது பள்ளி மாணவன். மாலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அப்பாயி கூடையோடு சாய்ந்தாள். பென்ஷன் போல எதுவும் இல்லாதவள். பேர் பதியாமல் கைக்காசுக்குக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். கம்பளியில் கிடத்தி நான்கு பேர் சுமந்து பாதைக்குக் கொண்டுவந்தார்கள். கொழுந்து லொறி ஸ்டோருக்குப் போய்த் திரும்பும்வரை காத்திருந்து, அதில் ஏற்றி, ஆஸ்பத்திரி போய்ச் சேர இரவு ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிட்டது. வலப்பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. பேச்சும் போயிருந்தது.

அந்த வார்ட்டில் தமிழ் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பேச்சு, மொழி ஆகியவற்றை ஆளும் பகுதி பெரும்பாலோருக்கு மூளையின் இடப்புறத்தில் இருக்கிறது. 1860களில் பாரிஸ் நகரத்து வைத்தியர் போல் ப்ரோக்கா கண்டுகாட்டிய உண்மை இது. ஆகவே வலப்பக்கம் விழுந்தவர்களில் பலருக்குச் சொல்லும் கூடவே போகும். சொல் போனவருக்கு எவ்வளவு போயிற்று, கேட்பது புரிகிறதா, சொல்ல நினைப்பது வரவில்லையா என்றெல்லாம் தாதி நாள்தோறும் பேசிப் பார்த்து அறியவேண்டும். எந்த மொழியில் பேசிப் பார்ப்பது? "கையை உயர்த்து" என்று சிங்களத்தில் சொல்லி அப்பாயி உயர்த்தாவிட்டால், போனது கையா, அறிவா, அல்லது அவள் ஒருநாளும் கற்றிராத மொழியா? 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அது கச்சேரிகளில் என்ன செய்தது என்று நிறைய எழுதியிருக்கிறோம். வார்ட்டுக் கட்டிலின் ஓரத்தில் அது என்ன செய்தது என்று எழுதவில்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. வார்ட்டுக்கு வந்துசேர அதற்கும் நெடுந்தூரம் இருந்தது.

ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அங்கே இருந்த ஒரு மிஸி, சிங்களப் பெண், நடு வயதினர், அப்பாயியின் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர். அவர்தான் என் அம்மாவை அழைத்து, ஒரு சேலையை நான்காக மடித்து நோயாளியின் அடியில் விரித்து, அதன் விளிம்பைப் பிடித்து இழுத்துத் திருப்புவது எப்படி என்று காட்டினார். விழுந்த தோளைப் பிடித்து இழுக்கக்கூடாது என்பதை, அம்மாவின் தோளையே பிடித்து இழுத்து, முகத்தைச் சுளித்துக் காட்டி விளக்கினார். "தண்ணி, கொஞ்சம், கொஞ்சம்" என்ற மூன்று தமிழ்ச் சொற்களும் ஒரு தேக்கரண்டியும்தான் அவருடைய பாடநூல். முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர் நின்ற அந்த வார்ட்டில் அவர் எங்கிருந்து அந்த அரைமணி நேரத்தை எடுத்தார் என்று இப்பொழுது யோசிக்கிறேன்.

பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு வந்த நான்கு ஆண்டுகளுக்கும் தாதி அம்மாதான்.

வீடு என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. அதில் நாங்கள் ஆறு பேர். புகைபோக்கி இல்லாத அடுப்பு, கூரைத் தகரத்தில் விடியற்காலையில் சொட்டும் பனிநீர், நூறு யார் தள்ளி இருக்கும் கக்கூசு. நுவரெலியாக் குளிரில் நனைந்த துணி மூன்று நாளைக்குக் காயாது. படுக்கையில் கிடப்பவருக்குத் துணி ஒரு நாளைக்கு மூன்று தடவை மாற்றவேண்டும். அம்மா காலைப் பிரட்டுக்குப் போகாவிட்டால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. சில நாட்களில் அரைப்பேர். போதிய நாள் வேலைக்கு வராதவருக்குக் கிடைக்கும் கொடுப்பனவும் குறைந்தது. ஊழியர் சேமலாப நிதி 1958இல் வந்தது. பணிக்கொடைச் சட்டம் 1983இல் வந்தது. இரண்டும் போராடிப் பெற்றவை, பெரியவை. ஆனால் நோயாளியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்த பெண்ணின் நாட்களை எந்தச் சட்டமும் எண்ணவில்லை. ஓய்வுபெற்றவர் காம்பராவில் இருப்பதும்கூட, வீட்டில் ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்து உழைப்பதைப் பொறுத்தது. அம்மா தாதியாகவும் இருக்கவேண்டும், அந்தக் கட்டிலுக்கு இடம் இருப்பதற்காகத் தொழிலாளியாகவும் இருக்கவேண்டும்.

நாட்டின் மற்ற மக்களுக்கு 1951 முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாயிற்று. இலங்கையின் சுகாதாரச் சாதனைகளை உலகம் பாராட்டுவது முறையானதே. ஆயினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தோட்ட மக்களின் அன்றாட வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டது. ஊரில் வீட்டுக்கு வரும் சுகாதார ஊழியர் தோட்டத்து எல்லைக்கல்லோடு நின்றுகொண்டார். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இங்கே உரிமை கொடுக்கவும் முடிவு செய்தது. மீதி 150,000 பேரைப் பின்னர் பங்கிட்டுக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்கள் பல துண்டானவை. மகள் ஒரு கரையில், தாய் ஒரு கரையில். படுத்த தாயைப் பார்க்கவேண்டிய மகள் எந்த நாட்டவள் என்பதை இரண்டு தலைநகரங்கள் தீர்மானித்தன.

1972, 1975 ஆகிய ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1974ஐ ஒட்டிய பஞ்சத்தில் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மாண்டார்கள் என்பதையும் சேர்த்தே இதை நினைக்கவேண்டும். 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. 1990களில் தோட்ட ஆஸ்பத்திரிகளில் ஒரு பகுதியை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. மற்றவை பழைய நிலையிலேயே நின்றன. எது யாருடையது என்ற வழக்கில் சில கட்டிடங்கள் பூட்டியே கிடந்தன.

மாற்றமே இல்லை என்று எழுதுவது சோம்பேறித்தனம். 1990 என்ற எண்ணை அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை, 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018க்குப் பின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. டிக்கோயாவில் இந்திய உதவியில் எழுந்த 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. இவை பயனுள்ளவை. குழாய் அடைபட்டு வந்த வாதத்தில் அடைப்பைக் கரைக்கும் மருந்தின் பயன் 1995இல் நிறுவப்பட்டது. முதலில் மூன்று மணி நேரம் என்றிருந்த எல்லை 2008க்குப் பின் நான்கரை மணியாக நீண்டது. அதற்குள் தலையைப் படம்பிடித்து, இது அடைப்பா வெடிப்பா என்று அறிந்தாகவேண்டும். வெடிப்புக்கு இந்த மருந்து நஞ்சு. வளைந்து வளைந்து இறங்கும் தோட்டத்துப் பாதையில், மழைக்காலத்தில், நான்கரை மணி நேரம் என்பது பெரிய அவகாசமன்று. அதிலும் விழுந்தது எப்போது என்று எவருக்கும் தெரியாவிட்டால் அந்த அவகாசமும் இல்லை. வாய் கோணுகிறதா, கை தாழ்கிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பார்த்தவுடன் ஓடவேண்டும் என்பதை மலையில் ஒவ்வொரு கொழுந்துக் கும்பலுக்கும் சொல்லித்தர வேண்டியவரும் ஒரு தாதியே. 2011 முதல் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் நிலையங்களை அரசு நிறுவியிருக்கிறது. அவை திறந்திருக்கும் நேரத்தில் நம்முடைய பெண்கள் மலையில் நிற்கிறார்கள்.

இனி ஆசிரியன் என்ற முறையில் ஒரு சொல். அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் அல்லது கணிதப் பிரிவில் சித்தி கேட்கப்பட்டு வந்தது. மலைநாட்டுத் தமிழ்ப் பாடசாலைகளில் அந்தப் பிரிவுகளை நடத்துபவை எத்தனை? அவற்றிலும் இரசாயனத்துக்கு ஆசிரியர் இருந்தால் பௌதிகத்துக்கு இல்லை. ஆய்வுகூடம் இருந்தால் அமிலம் இல்லை. வார்ட்டில் தமிழ் பேசும் தாதி ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை வார்ட்டில் இல்லை. என் பாடசாலையின் பூட்டிய ஆய்வுகூடத்தில் இருக்கிறது. நோயாளியைப் புரட்டவும், கஞ்சி ஊட்டவும், புண்ணைக் கழுவவும் பத்து வயதிலிருந்தே பழகிய பெண்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். தாதிமையின் பாதிப் பாடத்தை அவர்கள் காம்பராவிலேயே படித்து முடித்துவிட்டார்கள். மற்றப் பாதியைக் கொடுக்க நம்மிடம் பௌதிக ஆசிரியர் இல்லை.

சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரமாக வரவில்லை. தாத்தாவுக்கு வாதம் என்றார்கள். ஒரு சனிக்கிழமை லயத்துக்குப் போனேன். கிழவர் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்கப்பட்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் சுருட்டிய கம்பளி, முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை. புண் இல்லை. சுவரில், சாமிப் படத்துக்குக் கீழே, சோக்கினால் கோடு கிழித்து ஓர் அட்டவணை எழுதியிருந்தாள்: இடம், வலம், நேர், மறுபடி இடம். பிரட்டுக்கு முன் அம்மா. பத்து மணித் தேத்தண்ணிக்கு அடுத்த காம்பராப் பாட்டி. பகல் சாப்பாட்டுக்கு அம்மா. மாலையில் அண்ணன்.

"இதை யாரம்மா சொல்லித் தந்தது?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரில மிஸி செய்யுறத பாத்தேன் சேர். ரெண்டு மணிக்கு ஒருக்கா வந்தாங்க."

இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்ற வரிசைகளுக்கு எதிரே அவளுடைய பெயர் எழுதியிருந்தது.